முன்னால் வந்து நின்று கூப்பிடு

தொழிலாளர்களிடம் மரியாதையாகப் பேசுவது எப்படி என்று நாலு பக்கம் எழுதிக் கொடுங்கள் என்று கணேசன் கேட்டான். என்னிடம் வேலை பழகியவன். இன்று ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். புதிதாக வரும் போர்மேன்களுக்குப் படிக்கக் கொடுக்க ஒரு சின்னப் புத்தகம் போடுகிறார்களாம். வெடிமருந்து கலப்பது பற்றி ஒருவர், தீயை அணைப்பது பற்றி ஒருவர், மரியாதை பற்றி நான்.

"ஏன்லே, ஊர்ல வேற ஆளே கிடைக்கலையா? நான் வாயைத் தொறந்தா சண்டைன்னு திருத்தங்கல் வரைக்கும் தெரியும்," என்றேன்.

"அதுக்குத்தான் பாய் உங்ககிட்ட கேக்குறேன். இனிக்க இனிக்கப் பேசுறவுக எழுதுனா எவனும் படிக்க மாட்டான்."

இரண்டு முறை எழுத உட்கார்ந்தேன். இந்தச் சொல்லைச் சொல்லாதே, அந்தச் சொல்லைச் சொல் என்று ஒரு பட்டியல் வந்தது. கிழித்துப் போட்டேன். பட்டியல் போட எனக்கு என்ன தெரியும்? எனக்குத் தெரிந்தது ஒரு பெண்ணின் கதை. அவளை நாங்கள் கூப்பிட்ட விதம் அவளைக் கொல்லப் பார்த்தது. பிறகு அவள் வேலையையும் பறிக்கப் பார்த்தது. அதைத்தான் எழுதப் போகிறேன். புத்தகத்தில் போட்டால் போடட்டும்.

முதலில் என்னைப் பற்றி. என் பெயர் சிக்கந்தர். வேலை பார்த்த காலம் முழுவதும் அந்தப் பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிட்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். முதலாளிக்கு நான் பாய். மேனேஜருக்குப் பாய். பெண்களுக்குப் பாய் அண்ணே. சண்டை வந்தால் 'அந்தப் பாய்'. பாசமாகத்தான் சொன்னார்கள் என்பீர்கள். பாதிப்பேர் பாசமாகத்தான் சொன்னார்கள். ஆனாலும் ஒரு மனிதனுக்குப் பெயர் என்று ஒன்று வைக்கிறார்கள் அல்லவா, அது எதற்கு?

எங்கள் வீட்டில் எல்லோரும் வியாபாரம். அத்தாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, சிவகாசி டவுனில் சாக்கும் கயிறும் விற்கும் கடை. எனக்குக் கல்லாவில் உட்காரப் பொறுமை இல்லை. வந்தவரிடமெல்லாம் வாதாடினேன். அத்தாவே தெரிந்தவர் ஒருவரிடம் சொல்லி என்னைப் பட்டாசுக் கம்பெனியில் சேர்த்துவிட்டார். ஒரு பெரிய போர்மேனுக்குக் கீழே பழகினேன். மணலை எங்கே கொட்டுவது, மருந்தை எப்படிச் சலிப்பது, எந்த வெயிலில் எதைக் காயப்போடக் கூடாது, எல்லாம் அவர் சொல்லிக் கொடுத்ததுதான். தொழிலில் கெட்டிக்காரர். வாய் மட்டும் சாக்கடை. பெண்களை அவர் கூப்பிட்ட வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. அதட்டினால்தான் வேலை நடக்கும், வேலை ஒழுங்காக நடந்தால்தான் விபத்து நடக்காது என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கைப் பலபேர் நம்பினார்கள். இன்றும் நம்புகிறார்கள்.

இரண்டாயிரத்தின் ஆரம்ப வருடங்களில் விஸ்வநத்தம் பக்கத்தில் ஒரு கம்பெனியில் போர்மேனாக இருந்தேன். கம்பெனி பெயர் வேண்டாம். பரந்த கரிசல் காட்டில் தள்ளித் தள்ளி அறைகள். ஒவ்வொரு அறைக்கும் நான்கு பக்கமும் வாசல். ஓர் அறையில் நான்கு பேர்தான் இருக்க வேண்டும். ஆளுக்கு ஒரு வாசலைப் பார்த்து உட்கார்ந்து வேலை செய்வார்கள். வெளிச்சமும் கிடைக்கும், ஓடவும் வழி இருக்கும்.

காலையில் கம்பெனி வேன்கள் ஊர் ஊராகப் போய் ஆட்களை ஏற்றி வரும். வேன் கேட்டுக்குள் நுழைந்ததும் வாட்ச்மேன் சத்தம் கொடுப்பார். "புதுப்பட்டி லோடு வந்துருச்சு!" அட்டைப்பெட்டி வந்தாலும் லோடுதான். பொம்பளைகள் வந்தாலும் லோடுதான். இரண்டையும் இறக்கி உள்ளே அனுப்ப வேண்டியது. சேர்ந்த புதிதில் நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன், காது பழகிவிட்டது. ஒருநாள் வேனில் இருந்து இறங்கிய செல்வி வாட்ச்மேனிடம் கேட்டாள்:

"ஏன் அண்ணாச்சி, எங்களைப் பிரிச்சு எண்ணிப் பாக்கலையா? வழியில ரெண்டு உடைஞ்சிருக்கப் போகுது."

எல்லோரும் சிரித்தார்கள். வாட்ச்மேனும் சிரித்தார். மறுநாளும் லோடு என்றுதான் சத்தம் கொடுத்தார்.

செல்வியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எம். புதுப்பட்டிக்காரி. காகிதக் குழாய்களைக் கூடையில் சுமந்து அறை அறையாகக் கொண்டு போய்க் கொடுப்பது அவள் வேலை. நடையும் வேகம், வாயும் வேகம். அவளுடைய தாய் அந்தக் காலத்தில் கரிசலில் களை எடுத்தவள். மகள் பட்டாசுக்கு வந்துவிட்டாள். அந்த ஊரில் பாதி வீட்டுக் கதை இதுதான்.

அதே வேனில் வந்தவள் முத்துமாரி. முப்பது வயதுக்குள் இருக்கும். பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வரவில்லை. பள்ளிக்கூடம் போனதில்லை. வயதான தாயும் அவளும்தான் வீட்டில். அவள் வேலைக்குப் போனால்தான் அடுப்பு எரியும். பூச்சட்டிக்கு, புஸ்வாணம் என்பார்களே அதற்கு, திரி ஒட்டும் அறையில் அவளுக்கு வேலை. கிழக்கு வாசலைப் பார்த்து உட்காருவாள். அவள் ஒட்டிய திரி விழுந்து நான் பார்த்ததில்லை.

அவளை எல்லோரும் 'ஊமச்சி' என்றார்கள். இந்த ஒரு முறைதான் அந்தச் சொல்லை எழுதுகிறேன். அவளுக்குத்தான் கேட்காதே, என்ன சொன்னால் என்ன என்பது அவர்கள் நியாயம். அவளுக்குக் கேட்காது. ஆனால் கண் தெரியும். ஒரு வாய் ஒரு பெயரைச் சொல்லும்போது அந்த முகம் எப்படி இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியாதா? நம்மைவிட நன்றாகத் தெரியும்.

அவள் எங்களுக்கு எல்லாம் பெயர் வைத்திருந்தாள். கையால் வைத்த பெயர்கள். தலைக்கு மேல் இரண்டு கையையும் வட்டமாகத் தூக்கினால் கூடைக்காரி, அதாவது செல்வி. மூக்கின் மேல் ஒரு விரலால் தள்ளினால் கண்ணாடிக்காரர், எங்கள் மேனேஜர். புருவத்தைச் சுருக்கி இடுப்பில் கையை வைத்தால் நான். முதல் தடவை அதைப் பார்த்தபோது எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. என் மதத்தை வைத்து இல்லாமல் என்னை வைத்து எனக்கு ஒரு பெயர் அந்தக் கம்பெனியில் வைத்தது அவள் ஒருத்திதான்.

இப்போது கூப்பிடும் விஷயத்துக்கு வருகிறேன். இதைப் புதியவர்கள் கவனமாகப் படிக்க வேண்டும்.

மருந்து இருக்கும் அறையில் வேலை செய்பவரைப் பின்னால் இருந்து தொடக் கூடாது. திடுக்கிட்டுக் கை உதறினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதனால் பெயர் சொல்லிக் கூப்பிடுவோம். முத்துமாரியைக் கூப்பிட முடியாது. தொடவும் கூடாது. சுற்றிக்கொண்டு முன்வாசலுக்குப் போனால் பார்ப்பாள். ஆனால் சீசன் நேரத்தில் சுற்றிக்கொண்டு போக யாருக்குப் பொறுமை? மேற்கு வாசலில் நின்று ஒரு காலிக் குழாயை எடுத்து அவள் முதுகில் எறிவார்கள். திரும்புவாள். கூடையை வைத்துவிட்டுப் போவார்கள்.

வேலைக்காக எறிந்தது கொஞ்ச நாள்தான். பிறகு விளையாட்டாகிவிட்டது. சாப்பாட்டு நேரத்தில் எறிவது, போகிற போக்கில் எறிவது, எறிந்துவிட்டு ஒளிந்துகொள்வது. அவள் திரும்பிப் பார்த்தால் ஒருவரும் இருக்க மாட்டார்கள். அந்தப் பக்கம் நாலு பேர் சிரிப்பார்கள். ஒருநாள் அப்படித் திடுக்கிட்டதில் தட்டு சாய்ந்து பூச்சட்டிகள் தரையில் உருண்டுவிட்டன. அதற்கு அவளைத் திட்டினார்கள், எறிந்தவளை அல்ல.

அதற்குப் பிறகு அவள் ஒரு காரியம் செய்தாள். திடுக்கிடுவதை நிறுத்திவிட்டாள். எப்படி நிறுத்தினாள் என்று எனக்குத் தெரியாது. முதுகில் குழாய் விழும். உடம்பு அசையாது. கையில் உள்ள திரியை ஒட்டி முடிப்பாள். இடது கையை மட்டும் தோளுக்கு மேல் தூக்கி, போ போ என்று இரண்டு ஆட்டு ஆட்டுவாள். திரும்ப மாட்டாள். பட்டாசு அறையில் இருப்பவள் செய்ய வேண்டியதைத்தான் செய்தாள்.

நான் கத்தினேன். "எவளாவது இனி குழாயை எறிஞ்சீக, வேன் ஏற விட மாட்டேன்!" கத்தினால் என்ன நடக்கும்? நான் இருக்கும்போது எறியவில்லை. நான் அந்தப் பக்கம் போனதும் எறிந்தார்கள்.

எனக்கு அவளைக் கூப்பிட ஒரு வழி இருந்தது. அவள் காட்டிய வழிதான். ஒருமுறை நான் மேற்கு வாசலில் நின்று கையை ஆட்டிக்கொண்டு இருந்தேன். வேறொருத்தி கண்ணைக் காட்ட, அவள் திரும்பிப் பார்த்தாள். எழுந்து வந்தாள். என்னைக் கிழக்கு வாசலுக்கு வெளியே வரச் சொல்லிச் சைகை காட்டினாள். அங்கே நிற்க வைத்துவிட்டுத் தன் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். என் நிழல் அவள் மடியில் உள்ள தட்டில் விழுந்தது. நிமிர்ந்து பார்த்துத் தலையை ஆட்டினாள். புரிந்துகொண்டேன். வெளிச்சத்தை மறைத்து நின்றால் போதும். திடுக்கிடாமல் நிமிர்வாள். அன்றிலிருந்து அவளிடம் எதுவும் சொல்ல வேண்டுமென்றால் சுற்றிப் போய் நிற்பேன். ஐம்பது தப்படி கூட இல்லை. மற்றவர்களிடம் சொன்னேன். "பாய்க்கு வேற சோலி இல்ல. அவளுக்குக் குடை பிடிக்கப் போறாரு," என்று சிரித்தார்கள்.

தீபாவளிக்கு இன்னும் மூன்று மாதம். ஆர்டர் குவிந்து கிடந்த நேரம். நல்ல உச்சி வெயில். அறைக்கு மேற்கே உள்ள மேடையில் பூச்சட்டிகள் காய்ந்துகொண்டு இருந்தன. முத்துமாரியோடு இருந்த மூன்று பேரும் தண்ணீர் குடிக்கப் போயிருந்தார்கள். அவள் தட்டில் இருந்ததை முடித்துவிட்டு எழலாம் என்று உட்கார்ந்திருந்தாள்.

நான் மருந்து கலக்கும் அறைப் பக்கம் இருந்து வந்துகொண்டு இருந்தேன். மேடையின் ஓரத்தில் ஒரு பூச்சட்டி தானாகப் பூத்தது. பகல் வெயிலில் அந்த நெருப்பு வெள்ளையாகத்தான் தெரியும், புகையை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதன் பொறி பக்கத்தில் இருந்ததில் விழுந்தது. பிறகு அதற்குப் பக்கத்தில். வெடிச் சத்தம் கிடையாது, சீறும் சத்தம்தான். காற்று மேற்கு நோக்கி அடித்துக்கொண்டு இருந்தது. புகை அறைக்குள் போகவில்லை. போயிருந்தால் வாசனையிலாவது எழுந்திருப்பாள்.

பெண்கள் எல்லோரும் கத்திக்கொண்டு கேட்டைப் பார்த்து ஓடினார்கள். மேற்கு வாசலுக்கு எதிரே பாதையில் செல்வி கூடையோடு நின்றாள். "ஏ புள்ள! ஏ முத்துமாரி! வாடீ!" என்று அலறினாள். அன்றைக்கு அவள் வாயில் அந்தப் பெயர் வந்தது. வந்து என்ன செய்ய? கூடையில் இருந்து ஒரு குழாயை எடுத்து எறிந்தாள். முதுகில் பட்டது. இன்னொன்று. அதுவும் பட்டது. பிறகு கையில் அள்ளி அள்ளி எறிந்தாள்.

முத்துமாரி திரியை ஒட்டினாள். இடது கையைத் தோளுக்கு மேல் தூக்கினாள். போ போ என்று ஆட்டினாள்.

அந்தக் கை இன்றும் என் கண்ணில் இருக்கிறது.

நான் கிழக்குப் பக்கமாக ஓடினேன். வாசலுக்கு முன்னால் போய் வெளிச்சத்தை மறைத்து நின்றேன். உடனே நிமிர்ந்தாள். என்ன என்று புருவத்தைத் தூக்கினாள். நான் கையைக் காட்டியதும் தட்டை மெதுவாகத் தரையில் வைத்தாள். எறியவில்லை, வைத்தாள். எழுந்து வாசலைத் தாண்டும்போது பின்வாசல் வழியாகப் பொறி உள்ளே விழுந்தது. இடது கையும் முதுகில் ஒரு பகுதியும் வெந்துவிட்டன. சேலை பருத்திச் சேலை, அதனால் பிழைத்தாள். அந்த அறை மிஞ்சவில்லை. வேறு யாருக்கும் எதுவும் ஆகவில்லை.

இது நடந்த கதையில் பாதி. என்னை இன்றுவரை தூங்க விடாதது மற்ற பாதி.

எங்கள் மேனேஜர் பதவிசான மனிதர். நல்ல படிப்பு. வெள்ளைச் சட்டை, தங்க விளிம்புக் கண்ணாடி. யாரையும் ஒருமையில் பேச மாட்டார். கூட்டுகிற பெண்ணைக்கூட 'அம்மா' என்பார். திட்டுவதற்கு முன்னால் 'தப்பா நினைக்காதீங்க' என்பார். பெரிய போர்மேனின் சாக்கடை வாய்க்குப் பிறகு இவரிடம் வந்தபோது சொர்க்கத்துக்கு வந்த மாதிரி இருந்தது. முத்துமாரியைக்கூட அவர் அந்தக் கெட்ட சொல்லால் சொன்னதே இல்லை. 'காது கேளாத அந்த அம்மா' என்பார். ஆனால் ஒன்று. அவளைப் பார்த்து எதையும் சொன்னதில்லை. அவளைப் பற்றி யாரிடமாவது சொல்வார்.

விபத்தை விசாரிக்க ஓர் அதிகாரி வந்தார். எல்லோரும் ஓடியபோது இந்தப் பெண் ஏன் ஓடவில்லை என்று கேட்டார்.

"அவங்களுக்குக் காது கேக்காது சார், பாவம்," என்றார் மேனேஜர்.

"அது இல்ல சார் காரணம்," என்றேன் நான்.

"பாய், நீங்க கொஞ்சம் இருங்க. தப்பா நினைக்காதீங்க."

காது கேட்காததுதான் காரணம் என்று அதிகாரி எழுதிக்கொண்டு போய்விட்டார்.

முத்துமாரி பெரியாஸ்பத்திரியில் கிடந்துவிட்டு, கை ஆறி, வேலைக்கு வரப் புறப்பட்டாள். வேன் டிரைவர் ஏற்றவில்லை. ஆபீஸ் ஆர்டர் என்று சொல்லிவிட்டார். அவள் என்ன செய்தாள் தெரியுமா? டவுன் பஸ் ஏறி, இறங்கி, வெயிலில் நடந்து கேட்டுக்கு வந்து நின்றுவிட்டாள். செல்விதான் ஓடி வந்து என்னிடம் சொன்னாள்.

"பாய் அண்ணே, கேட்ல நிக்குறா. வாட்ச்மேன் விட மாட்டேங்குறாரு. அவ ஆத்தாளுக்கு மருந்து வாங்கணும், நீங்க வாங்க."

கேட்டுக்குப் போய் முத்துமாரியைக் கூட்டிக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனேன். செல்வியும் கூடையோடு பின்னாலேயே வந்தாள். மேனேஜர் எழுந்து நின்று கையெடுத்துக் கும்பிட்டார். எல்லோரையும் உட்காரச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்துப் பேசினார்.

"பாய், அவங்ககிட்ட சொல்லுங்க. நமக்கு அவங்க மேல எந்தக் கோபமும் இல்ல. இந்த இடம் அவங்களுக்குப் பாதுகாப்பு இல்ல. அவங்க நல்லதுக்குத்தான் சொல்றோம்."

முத்துமாரி அவர் வாயைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். திரும்ப அவரைப் பார்த்தாள். அவர் கண் என்னிடம்தான் இருந்தது. ஒரு ஆளை வேலையை விட்டு அனுப்புகிறோம், அந்த ஆள் ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருக்கிறது, அதன் முகத்தைப் பார்க்காமலே அனுப்புகிறோம். அதுவும் எவ்வளவு மரியாதையான வார்த்தைகளில்! எனக்குப் பெரிய போர்மேனின் ஞாபகம் வந்தது. அவர் கெட்ட வார்த்தை சொன்னாலும் முகத்தைப் பார்த்துத்தான் சொல்லுவார். எது மேல் என்று கேட்காதீர்கள். இரண்டுமே வேண்டாம்.

"சார், இவ காதுனால மாட்டிக்கிடல. நம்ம பழக்கத்துனால மாட்டிக்கிட்டா. நம்ப மாட்டீகன்னா வாங்க, காட்டுறேன்," என்றேன்.

"இப்பவா? ஆர்டர் பேசப் பார்ட்டி வர்ற நேரம் பாய்."

"இப்பவே வாங்க."

என் குரலைக் கேட்டு எழுந்து வந்தார். பொருள் எதுவும் இல்லாத ஒரு காலி அறைக்குப் போனோம். முத்துமாரியைக் கிழக்கு வாசலைப் பார்த்து உட்காரச் சொல்லிச் சைகை காட்டினேன். கையில் கொஞ்சம் காகிதத் துண்டும் பசையும் கொடுத்தேன். எதற்கு என்று அவளுக்குத் தெரியாது. உட்கார்ந்து ஒட்ட ஆரம்பித்துவிட்டாள். நாங்கள் மேற்கு வாசலில் நின்றோம்.

"செல்வி, ஒரு குழாயை எறி."

செல்வி கூடையைக் கீழே வைத்தாள். குழாயை எடுத்தாள். திரும்பவும் கூடையில் போட்டுவிட்டாள்.

"என்னால முடியாது பாய் அண்ணே. என்னை என்ன வேணும்னாலும் பேசுங்க. நான் இனி எறிய மாட்டேன்."

"சரி. சார், நீங்க எறிங்க."

"நானா?"

"நீங்கதான். பார்த்துத் தெரிஞ்சுக்கிடணும்ல."

அவர் அங்கும் இங்கும் பார்த்தார். ஒரு குழாயை இரண்டு விரலால் எடுத்தார். எறிந்தார். அது பாதியிலேயே விழுந்துவிட்டது. "கொஞ்சம் பலமா சார்," என்றாள் செல்வி. அழுதுகொண்டே சொன்னாள். சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. அடுத்த குழாய் முத்துமாரியின் முதுகில் பட்டது, தழும்புக்குப் பக்கத்தில்.

அவள் காகிதத்தை ஒட்டி முடித்தாள். வெந்து ஆறிய அந்த இடது கையைத் தோளுக்கு மேல் தூக்கினாள். போ போ என்று மேனேஜரை விரட்டினாள்.

அவர் முகம் செத்துவிட்டது.

"பாத்தீகளா? பட்டது அவளுக்குத் தெரியும். எறியுறதுக்கெல்லாம் திரும்புனா பொழைக்க முடியாதுன்னு நாமதான் அவளுக்குப் பழக்கி வச்சிருக்கோம். இப்ப அந்தப் பக்கம் போய் வெளிச்சத்தை மறைச்சு நில்லுங்க."

போய் நின்றார். அவருடைய நிழல் அவள் மடியில் விழுந்ததோ இல்லையோ, நிமிர்ந்தாள். மேனேஜர் என்று தெரிந்ததும் எழுந்து சேலையைச் சரி செய்துகொண்டு, என்ன என்பது போலக் கையை விரித்தாள். அவர்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இத்தனை வருடத்தில் அதுதான் முதல் தடவை.

அவர் திரும்பி வந்தார். குரல் இறங்கியிருந்தது. "பாய், நீங்க சொல்றது புரியுது. ஆனா ஆபீசர் எழுதிட்டுப் போயிட்டாரு. சீசன் முடியட்டும், பார்ப்போம்."

"சீசன் வரைக்கும் அவ வீட்ல அடுப்பு காத்துக்கிட்டு இருக்காது. நாளைக்கு வேன்ல அவ வரலைன்னா நானும் வரல. சீசன்ல போர்மேன் இல்லாமக் கம்பெனியைத் தொறந்து பாருங்க."

"மிரட்டுறீங்களா?"

"ஆமா. மரியாதையா மிரட்டுறேன். தப்பா நினைக்காதீங்க."

செல்வி வாயைப் பொத்திக்கொண்டாள்.

மறுநாள் காலை வேனில் முத்துமாரி வந்தாள். வாட்ச்மேன் வழக்கம் போல லோடு என்று வாயைத் திறந்தார். நான் கேட்டில்தான் நின்றிருந்தேன். இடுப்பில் கை வைத்திருந்தேன். "புதுப்பட்டி... ஆளுக வந்துட்டாக," என்று முடித்தார்.

அதன் பிறகு அந்தக் கம்பெனியில் யாரையும் பின்னால் இருந்து கூப்பிடக் கூடாது என்று வைத்தேன். காது கேட்கிறவர்களையும்தான். முன்னால் போ, வெளிச்சத்தில் நில், அவர் நிமிரும் வரை பொறு, பெயரைச் சொல். முதலில் முணுமுணுத்தார்கள். பிறகு ஒன்று கவனித்தேன். முகத்துக்கு முன்னால் நின்று பேசும்போது பல வார்த்தைகள் வருவதில்லை. முதுகைப் பார்த்தால் வாய்க்கு வருவதெல்லாம் முகத்தைப் பார்த்தால் தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. எல்லோரும் திருந்திவிட்டார்கள் என்று எழுதிப் பொய் சொல்ல மாட்டேன். கேட்டுக்கு வெளியே அந்தப் பழைய சொல் அப்படியேதான் இருந்தது. செல்வி மட்டும் அவளுடைய கைப் பேச்சைக் கற்றுக்கொண்டாள். இரண்டு பேரும் வேனில் கையாலேயே ஊர் வம்பு பேசிக்கொண்டு வருவார்கள். எங்களைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று தெரியும், என்னவென்று தெரியாது. அதுவும் ஒரு பாடம்தான்.

நான் ஓய்வு பெறும் வருடம் ஊரில் ஒரு பயிற்சி வகுப்பு நடந்தது. கல்யாண மண்டபத்தில். பல கம்பெனிப் போர்மேன்கள் வந்திருந்தார்கள். பேசிய பையன் வெளியூர். நல்ல பையன்தான், குறை சொல்லவில்லை. சுவரில் ஒரு திரை கட்டி, கருவியால் வெளிச்சம் பாய்ச்சி, சொற்களைக் காட்டிக்கொண்டு இருந்தான். எதை இனிச் சொல்லக் கூடாது, அதற்குப் பதில் எதைச் சொல்ல வேண்டும். இப்போது இன்னும் நல்ல சொற்கள் வந்துவிட்டன. வரட்டும், எனக்குச் சண்டை இல்லை. கெட்ட சொல் போக வேண்டியதுதான்.

மேனேஜர் சொல்லி முத்துமாரியையும் செல்வியையும் அழைத்து வந்திருந்தார்கள். முன்வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். அந்தப் பையன் எங்களைப் பார்த்துச் சொன்னான்.

"இங்க நம்மகூட செவித்திறன் குறைந்த ஒரு சகோதரி வந்திருக்காங்க. இவங்களை மாதிரி இருக்கறவங்ககிட்ட நாம எவ்வளவு மரியாதையா நடந்துக்கணும்னு..."

சொல்லும்போது அவனுடைய முதுகு அவள் பக்கம் இருந்தது.

முத்துமாரி செல்வியைப் பார்த்தாள். செல்வி கையால் என்னவோ சொன்னாள். முத்துமாரி எழுந்தாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள். நேராக நடந்து போய் அந்தக் கருவியின் வெளிச்சத்தை மறைத்து நின்றாள்.

திரையில் இருந்த சொற்கள் எல்லாம் போய்விட்டன. அவள் நிழல் மட்டும் இருந்தது. மண்டபம் முழுவதும் நிமிர்ந்து பார்த்தது. பையனும் திரும்பினான். அவள் அவன் முகத்துக்கு நேரே இரண்டு கையையும் அசைத்து என்னவோ கேட்டாள்.

அவன் விழித்தான். பின்வரிசையில் இருந்த என்னைத் தேடினான்; அவள் கம்பெனிப் போர்மேன் பாய் என்று காலையில் அவனிடம் சொல்லியிருந்தார்கள்.

"பாய், அவங்க என்ன கேக்குறாங்க?"

"என்கிட்ட ஏன் கேக்குறீக?" என்றேன். "அவுக அங்கன நிக்குறாக. அவுககிட்டக் கேளுங்க."